11 மாத ஒப்பந்தத்துக்கும் பதிவு உண்டு: தமிழ்நாட்டில் வாடகை வீட்டில் குடியிருப்பவர்களுக்கு

"11 மாதத்துக்குத்தானே எழுதியிருக்கிறோம், பதிவெல்லாம் எதற்கு?" வீடு பார்த்து முடித்து அட்வான்ஸ் பேசும்போது ஓனரோ புரோக்கரோ இப்படிச் சொல்லாமல் இருப்பது அரிது. ஒரு காலத்தில் அது சரியான பேச்சு. 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம், ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்குத்தான் சார்பதிவாளர் அலுவலகப் பதிவைக் கட்டாயமாக்கியது. அதிலிருந்து தப்பிக்கப் பிறந்ததுதான் 11 மாதக் கணக்கு.

தமிழ்நாட்டில் 22-02-2019 முதல் நிலைமை மாறிவிட்டது. சொத்து உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் அன்று நடைமுறைக்கு வந்தது. 1960-இன் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் விலகியது. புதிய சட்டத்தின் 4-ஆம் பிரிவுப்படி, மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி போன்ற நகர்ப்புறப் பகுதிகளில் எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் வீட்டை வாடகைக்கு விடவும் கூடாது, எடுக்கவும் கூடாது. அந்த ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். 11 மாதம், 6 மாதம், 3 ஆண்டு என்று காலத்தை வைத்து இதில் விலக்கு கிடையாது.

பதிவு செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் குடியிருப்பவர்தான் அதிகம் யோசிக்க வேண்டும். 4-ஏ பிரிவின்படி, பதிவாகாத ஒப்பந்தத்தைச் சான்றாக ஏற்க முடியாது. அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டு நிற்கும் நாளில், பேசிய வாடகை இவ்வளவு, காலம் இவ்வளவு என்று காட்ட உங்கள் கையில் இருக்கும் ஒரே தாள் செல்லாமல் போகலாம். பல ஆண்டுகளாக வாய்ப்பேச்சிலேயே குடியிருப்பவர்களுக்கு இன்னும் ஒரு ஆபத்து உண்டு. எழுத்து ஒப்பந்தம் போடப்படவில்லை என்பதையே காரணமாகக் காட்டி வெளியேற்றக் கேட்கும் வழியை 21-ஆம் பிரிவு ஓனருக்குத் தருகிறது. "எங்களுக்குள் எதற்குப் பத்திரம், 15 வருஷப் பழக்கம்" என்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு, உடனே உட்கார்ந்து எழுதிவிடுவது நல்லது.

பதிவு அல்லாதவை எவை

நோட்டரி முத்திரை பதிவு ஆகாது. கையெழுத்துப் போட்டவர் இவர்தான் என்பதற்குத்தான் அது உதவும். காவல் நிலையத்தில் வாடகைதாரர் விவரம் கொடுப்பதும் பதிவு ஆகாது. முத்திரைத்தாளில் தட்டச்சு செய்து இருவரும் கையெழுத்துப் போட்டால் அது ஒப்பந்தம். பதிவு அதற்கு அடுத்த படி.

பதிவிலும் இரண்டு வகை உண்டு. இவற்றைக் குழப்பிக்கொண்டு அலைபவர்கள் ஏராளம். முதலாவது, மேலே சொன்ன வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவு. மாவட்ட ஆட்சியரால் நியமிக்கப்படும், துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி இவர். இந்தப் பதிவு இணையவழியில் நடக்கிறது. இரண்டாவது, சார்பதிவாளர் அலுவலகப் பதிவு. ஒப்பந்தக் காலம் ஓராண்டைத் தாண்டினால் இதுவும் கட்டாயம். ஒன்றைச் செய்துவிட்டதால் மற்றது தேவையில்லை என்று ஆகாது. இரண்டு ஆண்டுக்கு எழுதினால் இரண்டு பதிவும் வேண்டும். 11 மாதத்துக்கு எழுதினால் வாடகை அதிகாரியிடம் மட்டும் போதும்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்

சொல்லப்போனால், பதிவு நடக்குமா நடக்காதா என்பது விண்ணப்பத்தை நிரப்பும் நாளில் தீர்மானம் ஆவதில்லை. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முந்தைய நாளே தீர்மானம் ஆகிவிடுகிறது. பணம் கைமாறி சாவி வாங்கிய பிறகு ஓனரிடம் பான் கார்டு நகல் கேட்டுப் பாருங்கள். "அப்புறம் தருகிறேன்" என்ற பதில்தான் வரும். விண்ணப்பப் படிவம் ஓனர், வாடகைதாரர் இருவரின் ஆதார், பான் எண்களையும், சுய சான்றொப்பமிட்ட நகல்களையும் கேட்கிறது. எனவே டோக்கன் அட்வான்ஸ் பேசும்போதே, "ஒப்பந்தத்தைப் பதிவு செய்யப் போகிறோம், ஆதார், பான் நகல் வேண்டும்" என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். கையெழுத்தாகும் அன்றே நகல்களை வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் கொடுக்கும் நகல்களின் குறுக்கே "வாடகை ஒப்பந்தப் பதிவுக்கு மட்டும்" என்று எழுதித் தேதியிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஓனருக்கும் அதையே சொன்னால் அவரது தயக்கம் பாதி குறையும்.

மீதித் தயக்கம் வருமான வரி பற்றியது. வாடகை கணக்கில் வந்துவிடும் என்ற பயம். ஆனால் ஆண்டு வாடகை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டி, நீங்கள் அலுவலகத்தில் வீட்டு வாடகைப் படிக்குக் கழிவு கேட்டால், ஓனரின் பான் எண்ணை எப்படியும் கொடுத்தாக வேண்டும். இதை முன்பே சொல்லிவிட்டால், பதிவு ஒன்றுதான் அவரைக் காட்டிக்கொடுக்கிறது என்ற எண்ணம் எழாது.

வீடு யாருடையது என்பதையும் இந்தக் கட்டத்தில்தான் பார்க்க வேண்டும். சொத்து வரி ரசீது, மின் இணைப்பு அட்டை ஆகிய இரண்டிலும் உள்ள பெயர் ஒப்பந்தத்தில் வரப்போகும் பெயரோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். இறந்துபோன அப்பாவின் பெயரிலேயே வரி ரசீது ஓடிக்கொண்டிருக்கும் வீடுகள் நிறைய. அப்படியானால் வாரிசுகள் எல்லோரும் கையெழுத்திட வேண்டும், அல்லது ஒருவருக்கு மற்றவர்கள் எழுத்தில் அதிகாரம் தந்திருக்க வேண்டும். ஓனர் வெளிநாட்டில் இருந்து, தம்பியோ மாமனாரோ கையெழுத்திட்டால், பொது அதிகாரப் பத்திரத்தின் நகலைக் கேளுங்கள். வாடகைக்கு விடவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவும் அதிகாரம் தரும் வரி அதில் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். வீட்டைப் பராமரிக்க மட்டும் அதிகாரம் தந்திருந்தால் போதாது.

ஒப்பந்தத்தில் என்ன எழுத வேண்டும்

கணினி மையத்தில் ஆயிரம் பேருக்கு அடித்துக் கொடுத்த அதே மாதிரியில் பெயரையும் தொகையையும் மட்டும் மாற்றித் தருவார்கள். அதை அப்படியே ஏற்காதீர்கள். விண்ணப்பம் கேட்கும் விவரங்கள் எல்லாம் ஒப்பந்தத்திலும் இருக்க வேண்டும்: வீட்டின் முழு விவரம், குடியேறும் தேதி, வாடகை, ஒப்பந்தக் காலம், மின்சாரம், தண்ணீர், பராமரிப்பு போன்ற கூடுதல் கட்டணங்கள், வீட்டோடு தரும் சாமான்கள். இரண்டுக்கும் இடையே ஒரு எண் மாறினாலும் விண்ணப்பம் திரும்பி வரும்.

முகவரியில்தான் தவறு அதிகம் நடக்கிறது. சென்னையில் பழைய எண், புதிய எண் இரண்டும் வழக்கில் இருக்கின்றன. இரண்டையும் எழுதுங்கள். மாடி, வீட்டின் எண், தெரு, பகுதி, தாலுகா, அஞ்சல் குறியீடு எல்லாம் வேண்டும். ஒரே கட்டடத்தில் ஆறு வீடு இருக்கும்போது "முதல் மாடி" என்று மட்டும் எழுதினால் எந்த வீடு என்று தெரியாது. "முதல் மாடி, கிழக்குப் பக்க வீடு" என்று எழுதி, அந்த வீட்டின் மின் இணைப்பு எண்ணையும் சேர்த்துவிட்டால் குழப்பத்துக்கு இடமில்லை.

அடுத்தது பெயர். நம் ஊரில் இனிஷியல் படுத்தும் பாடு சொல்லி முடியாது. ஆதாரில் இனிஷியல் பின்னால், பான் கார்டில் அப்பா பெயர் விரிவாக, பத்திரத்தில் இனிஷியல் முன்னால் என்று ஒருவருக்கே மூன்று வடிவம் இருக்கும். ஒப்பந்தத்தில் ஆதாரில் உள்ளபடி எழுதி, "பான் கார்டில் இவ்வாறு குறிப்பிடப்பட்டுள்ள" என்று இன்னொரு வடிவத்தையும் சேர்த்துவிடுங்கள்.

அட்வான்ஸ் விஷயத்தில் கவனம் தேவை. 11-ஆம் பிரிவு மூன்று மாத வாடகைக்கு மேல் வைப்புத் தொகை கேட்கக் கூடாது என்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு விதமாகப் பேசிக்கொண்டால் தவிர, என்ற விலக்கும் அதிலேயே இருக்கிறது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்பவர்கள் இன்னும் உண்டு. அதற்குக் கையெழுத்துப் போட்ட பிறகு சட்டத்தைக் காட்டிப் பயனில்லை. பேரம் பேசும்போது இந்தப் பிரிவைச் சொல்லுங்கள். எவ்வளவு கொடுத்தாலும் முழுத்தொகையும் எண்ணாலும் எழுத்தாலும் ஒப்பந்தத்தில் வர வேண்டும். "பாதியைக் கையில் கொடுங்கள், பத்திரத்தில் மூன்று மாதம் மட்டும் காட்டுவோம்" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். காட்டாத தொகையை நிரூபிக்க வழியே இல்லை. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், உரிய பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. அந்த வரியையும் ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"காலி செய்யும்போது பெயிண்ட் செலவுக்கு ஒரு மாத வாடகை பிடிக்கப்படும்" என்ற வாசகம் ஏறக்குறைய எல்லா மாதிரிகளிலும் ஒட்டிக்கொண்டு வரும். சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு வண்ணம் பூசுவது, குழாய்களை மாற்றுவது, மின் வயரிங், கட்டட அமைப்பைச் சார்ந்த பழுது ஆகியவை ஓனர் பொறுப்பில் உள்ளன. குழாய் வாஷர், அடைத்த வடிகால், சுவிட்ச், பிளக் பாயிண்ட், கெய்சர் பழுது, பூட்டு, ஜன்னல் கண்ணாடி, கொசுவலை போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. "பழுதுகள் இரண்டாம் அட்டவணைப்படி" என்று ஒரே வரி எழுதினால் பிற்பாடு பெரிய சண்டைகள் தவிரும். பெயிண்ட் வாசகத்தை அடித்துவிடச் சொல்லுங்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு அட்டவணையைக் காட்டி வாதாடுவது கடினம்.

மின்சாரத்துக்கு "யூனிட்டுக்கு இவ்வளவு" என்று ஓனரே விலை வைக்கும் இடங்களில், உங்கள் வீட்டுக்குத் தனி இணைப்பா, உள் மீட்டரா என்று கேளுங்கள். தனி இணைப்பென்றால் "மின் வாரியக் கணக்கீட்டின்படி வாடகைதாரர் நேரடியாகச் செலுத்துவார்" என்று எழுதினால் போதும். குடியேறும் நாளின் மீட்டர் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள்.

முத்திரைத்தாள்

இது பலரும் தவறவிடும் இடம். வாடகை ஒப்பந்தத்தை 20 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதுவது நெடுநாள் பழக்கம். ஆனால் தமிழ்நாட்டில் 30 ஆண்டுக்குக் குறைந்த குத்தகைக்கு முத்திரைத் தீர்வை 1%. மாதம் ரூ.15,000 வீதம் 11 மாதத்துக்கு மொத்த வாடகை ரூ.1,65,000 என்றால், வாடகைக்கு மட்டுமே தீர்வை ரூ.1,650 ஆகிறது. குறைவான முத்திரைத்தாளில் எழுதினால் ஒப்பந்தம் அடியோடு செல்லாது என்பதில்லை. ஆனால் வழக்கு என்று வந்து அதை நீதிமன்றத்தில் தாக்கல் செய்தால், குறைவுத் தீர்வையையும் அதன்மேல் பத்து மடங்கு வரை அபராதத்தையும் கட்டிய பிறகே சான்றாக ஏற்பார்கள். ஆவணத்தை நம்பி நிற்கும் நேரத்தில் இந்தச் செலவு வந்து சேரும்.

முத்திரைத்தாள் ஓனர் பெயரிலோ உங்கள் பெயரிலோ வாங்கியிருக்க வேண்டும். வாங்கிய தேதி கையெழுத்திட்ட தேதிக்குப் பிந்தையதாக இருக்கக் கூடாது. ஆறு மாதத்துக்கு முன் வாங்கிய தாள் செல்லாது என்று சொல்வது தவறு. பயன்படுத்தாத தாளைத் திருப்பிக் கொடுத்துப் பணம் பெறுவதற்குத்தான் அந்த ஆறு மாதக் கெடு. இதை 2008-இல் உச்ச நீதிமன்றமும் தெளிவுபடுத்திவிட்டது.

இரண்டு அசல் தயார் செய்து, ஒவ்வொரு பக்கத்திலும் இருவரும் கையெழுத்திட்டு, கடைசிப் பக்கத்தில் இரண்டு சாட்சிகள் முகவரியோடு கையெழுத்திட வேண்டும். ஒரு அசல் உங்களிடம் இருக்க வேண்டும். ஜெராக்ஸ் தந்து அசலை ஓனரே வைத்துக்கொள்ளும் பழக்கத்துக்கு இணங்க வேண்டாம்.

வாடகை அதிகாரியிடம் பதிவு

ஒப்பந்தம் எழுதி 90 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். 90 நாள் இருக்கிறதே என்று ஒத்திப்போடாமல் முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள். ஓனரும் நீங்களும் நல்லபடியாகப் பேசிக்கொண்டிருக்கும் காலம் அதுதான். தளத்தின் முகவரி டெனன்ஸி டாட் டிஎன் டாட் ஜிஓவி டாட் இன். விண்ணப்பிக்க வேண்டியவர் "உரிமையாளர் அல்லது வாடகைதாரர்" என்றே சட்டம் சொல்வதால், ஓனர் செய்வார் என்று காத்திருக்க வேண்டியதில்லை. நீங்களே தொடங்கலாம்.

உட்காருவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை: ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கங்களும் ஒரே பிடிஎஃப் கோப்பாக, இருவரின் ஆதார், பான் நகல்கள் சுய கையெழுத்துடன், இருவரின் புகைப்படம், கைப்பேசி எண், மின்னஞ்சல். ஸ்கேன் செய்யும்போது முத்திரைத்தாளின் முன்பக்க எண்ணும், பின்பக்கத்தில் முத்திரை விற்பனையாளர் எழுதிய பெயரும் தேதியும் தெளிவாகத் தெரிய வேண்டும். பின்பக்கத்தை ஸ்கேன் செய்ய மறந்துவிடுபவர்கள் அதிகம். கைப்பேசியில் படம் எடுத்தால் ஓரம் வெட்டுப்படாமல், நிழல் விழாமல் எடுங்கள்.

விண்ணப்பத்தில் மாவட்டத்தையும் பகுதியையும் தேர்வு செய்யும் இடத்தில், நீங்கள் வசிக்கப்போகும் வீடு எந்த எல்லையில் இருக்கிறதோ அதையே தேர்வு செய்ய வேண்டும். இதில் தவறினால் விண்ணப்பம் வேறு அதிகாரியிடம் போய்விடும். புறநகரில் அஞ்சல் முகவரி சென்னை என்று இருந்தாலும் வீடு செங்கல்பட்டு அல்லது காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கும். சொத்து வரி ரசீதைப் பார்த்தால் எந்த உள்ளாட்சி என்று தெரிந்துவிடும்.

அதிகாரி சரிபார்த்து ஏற்றுக்கொண்டதும் ஒப்பந்தத்துக்குப் பதிவு எண் தரப்படும். அந்த எண் கிடைத்தால்தான் பதிவு முடிந்தது. "சமர்ப்பிக்கப்பட்டது" என்று திரையில் வந்ததோடு விட்டுவிடாமல், சில நாள் கழித்து நிலையைப் பாருங்கள். திருத்தம் கேட்டு வந்திருந்தால் காரணம் பெரும்பாலும் முன்பு சொன்னவைதான்: பெயர் வடிவம், முகவரி, தொகை, தெளிவில்லாத ஸ்கேன். பதிவு எண்ணை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் எழுதி, ஒப்புகையை அச்செடுத்துச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஓராண்டுக்கு மேல் என்றால்

பதிவுத்துறையின் இணையதளத்தில் கணக்கு தொடங்கி, ஆவண விவரங்களை ஏற்றி, முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் செலுத்தி, சார்பதிவாளர் அலுவலகத்துக்கு நாளும் நேரமும் டோக்கனாக எடுக்க வேண்டும். தீர்வை 1%, பதிவுக் கட்டணமும் 1%, உச்ச வரம்பு ரூ.20,000. ரூ.15,000 வாடகைக்கு இரண்டு ஆண்டு என்றால் மொத்த வாடகை ரூ.3,60,000, அதன்மேல் இரண்டும் சேர்த்து ரூ.7,200. யார் கட்டுவது என்பதை முன்பே பேசிக்கொள்ளுங்கள். அன்று ஓனர், நீங்கள், இரண்டு சாட்சிகள் எல்லோரும் அசல் அடையாள அட்டையோடு நேரில் வர வேண்டும். அங்கேயே புகைப்படமும் விரல் ரேகையும் எடுப்பார்கள். கையெழுத்திட்ட நான்கு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

செலவு அதிகம்தான். ஆனால் இப்படிப் பதிவான குத்தகை வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். இடையில் ஓனர் வீட்டை விற்றால், வாங்குபவர் உங்களைப் பற்றித் தெரியாது என்று சொல்ல முடியாது. பிள்ளைகளின் பள்ளிக்காக ஒரே இடத்தில் மூன்று ஆண்டு இருக்க வேண்டும் என்பவர்களுக்கு இந்தச் செலவு தகும்.

போக்கியத்துக்கு எடுப்பவர்கள்

மாத வாடகை இல்லாமல் ஐந்து லட்சம், பத்து லட்சம் என்று மொத்தமாகக் கொடுத்துக் குடியேறும் போக்கியத்தைச் சென்னையில் "லீஸ்" என்பார்கள். இதை வெறும் முத்திரைத்தாளில் எழுதிக்கொள்வதைப் போல ஆபத்தானது வேறில்லை. பணத்துக்கு ஈடாக வீட்டை அனுபவிக்கும் அடமானமாக எழுதினால், ரூ.100-க்கு மேற்பட்ட எந்தத் தொகைக்கும் பதிவு கட்டாயம். இரண்டு சாட்சிகளும் வேண்டும். பணம் கொடுக்கும் முன் பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கச் சான்றைப் பாருங்கள். வீட்டின் மேல் வங்கிக் கடன் ஏற்கெனவே இருந்தால், ஓனர் தவணை கட்டாதபோது வங்கி வீட்டை எடுத்துக்கொள்ளும். உங்கள் லட்சங்கள் அதற்குப் பின்வரிசையில்தான் நிற்கும். வங்கிக் கடன் உள்ள வீட்டைப் போக்கியத்துக்கு எடுக்க வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. அசல் பத்திரத்தைப் பார்க்கக் கேளுங்கள். "லாக்கரில் இருக்கிறது" என்ற பதில் மூன்று முறை வந்தால் வேறு வீடு பார்ப்பது நல்லது.

புதுப்பிக்கும்போது

11 மாதம் முடிந்ததும் பழைய ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் "மேலும் 11 மாதம், வாடகை ரூ.500 கூடுதல்" என்று எழுதிக் கையெழுத்திடுவது போதாது. பதிவில் இருப்பது பழைய காலமும் பழைய வாடகையும்தான். புது ஒப்பந்தம் எழுதிப் புதிதாகப் பதிவு செய்யுங்கள். பழைய அட்வான்ஸ் தொடர்கிறது என்றால், எந்தத் தேதியில் எவ்வளவு கொடுத்தது என்ற விவரத்தோடு அதைப் புதிய ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். இல்லாவிட்டால் முதல் ஒப்பந்தத்தோடு கணக்கு முடிந்தது என்ற பேச்சு வரும். வாடகையை வங்கி வழியாகவே செலுத்துங்கள். ரொக்கமாகத்தான் வேண்டும் என்று ஓனர் சொன்னால் மாதாமாதம் ரசீது கேளுங்கள்; ரசீது பெறுவது சட்டம் தந்த உரிமை. பாஸ்போர்ட்டுக்கு முகவரிச் சான்றாக வாடகை ஒப்பந்தத்தைக் கொடுப்பதென்றால், அதுவும் பதிவானதாகத்தான் இருக்க வேண்டும். அதனால் புதுப்பிக்காமல் விட்ட மாதத்தில் விண்ணப்பிக்க நேர்ந்தால், பழைய பதிவு எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஒப்பந்தம் முடியும் தேதிக்கு ஒரு மாதம் முன்னதாகவே கைப்பேசியில் நினைவூட்டல் வைத்துவிடுங்கள்.